மூட்டுகள் எதை உணர்கின்றன?

கண்களை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மூக்கின் நுனியைத் தொடச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் தொட்டுவிடுவோம். கை இருக்கும் இடத்தை அப்போது நமக்கு அறிவிப்பது எது? இவ்வுணர்வுக்கு 1906இல் ஷெரிங்டன் என்னும் ஆங்கிலேய உடலியலறிஞர், 'தனக்குரிய' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லைக்கொண்டு பெயர் அமைத்தார். தமிழில் 'மூட்டுணர்வு' எனலாமே என்பர் சிலர். எளிய சொல்தான், ஆயினும் நாம் அதனை ஏற்கத் தயங்குகிறோம்.

மூட்டுறையிலும், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களிலும் நரம்பு முனைகள் பலவகையாக அமைந்துள்ளன. ருஃபினி முனைகள், உறை இழுபடும் வரையிலும் விடாது செய்தி அனுப்புவன. பசினி முனைகளோ அசைவு தொடங்கும்போதும் நிற்கும்போதும் துடித்து அடங்கிவிடும். கோல்கி வகையின மிகுந்த இழுவைக்கே விழிக்கும். உறையற்ற முனைகள் பெரும்பாலும் வலிக்குரியவை. மூட்டு அழன்று வீங்கினால், அதுவரை வாளாவிருந்த முனைகளும் செய்தி அனுப்பத் தொடங்கும். மூட்டுவாதமுடையோர் காலைச் சிறிதே மடக்கினும் துடிப்பது இதனாலும்தான்.

இத்துணை உணரிகள் இருக்க, நிலையை அறிவிப்பன அவையே என்று அறிஞர் நெடுங்காலம் கருதியதில் வியப்பில்லை. ஆனால் 1969இல் பூனையின் முழங்கால் நரம்பை ஆராய்ந்த பர்ஜெஸ், கிளார்க் இருவரும், நரம்பிழைகளுள் பெரும்பாலானவை மூட்டு முற்றும் மடங்கும்போதோ முற்றும் நீளும்போதோதான் செயற்படுவதைக் கண்டனர். நாம் நடப்பதும் எழுதுவதும் உண்பதும் இடைநிலையில் அல்லவா! 1972இல் குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் ஆகியோர் மேற்கைத் தசையின் நாண்மீது விநாடிக்கு ஏறத்தாழ 100 முறை அதிர்வூட்டினர். கண்மூடியிருந்தோர், முழங்கை உள்ளபடி இருப்பதைவிட நீண்டிருப்பதாக உணர்ந்தனர். ஏமாற்றப்பட்டவை தசைக்குள் இருக்கும் கதிர் வடிவ உணரிகள். இடுப்பு மூட்டு அகற்றப்பட்டுச் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்டோரும் காலின் நிலையைப் பெரிதும் முன்போலவே அறிகின்றனர் என்பது 1973இல் வெளிப்பட்டது.

ஆகவே 'மூட்டுணர்வு' என்பது கைவிடப்பட்ட கொள்கையொன்றைச் சொல்லுக்குள் பூட்டிவைப்பதாகும். கணுக்கால் சுளுக்கியவரை ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கும் இயன்முறை மருத்துவர் தசைகளையும் பழக்குகிறார். அச்சொல்லைக் கற்ற மாணவரோ மூட்டை மட்டுமே நோக்குவார். 'உடல்நிலையுணர்வு' எனின் நலம் விசாரிப்பதாகிவிடும். 'தன்னிலையுணர்வு' எனின், தன்னிலை மறந்தான் என்னும் வழக்கு குறுக்கிடும். 'உறுப்புநிலையுணர்வு' என்பதையே நாம் முன்மொழிகிறோம். சற்று நீளம்தான். மூட்டிலுள்ள முனைகளுக்கு 'மூட்டுணரிகள்' என்னும் பெயர் நிற்கட்டும். மூட்டு எல்லை கடக்கவிருக்கும் தறுவாயில் எச்சரிப்பன அவையே.