கல்லிலே கட்டிய யந்திரங்கள்

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஒரே வீட்டில் தகப்பனார் வாக்கிய பஞ்சாங்கமும் மகன் திருக்கணித பஞ்சாங்கமும் வைத்திருப்பதை நம்மூரில் பார்த்திருக்கிறோம். சனிமாற்றம் எந்த நாளில் என்ற வாதம் மூண்டால், ‘எங்கள் பாட்டனார் பார்த்த பஞ்சாங்கம்’ என்ற பேச்சோடு அது முடிந்துவிடும். வானத்தை அண்ணாந்து பார்ப்போம் என்று ஒருவரும் முற்றத்துக்கு இறங்குவதில்லை.

அப்படி இறங்கிய ஒரு மன்னனைப் பற்றியே இன்று பேச வந்தோம். ஜெயப்பூர் நகரை 1727ஆம் ஆண்டில் நிறுவிய இரண்டாம் சவாய் ஜெயசிங் அவன். வைதிக ஆசாரத்தில் ஊறியவன். ஆயினும் அக்காலத்து வாய்பாடுகள் காட்டிய கிரகநிலையும் கண்ணுக்குத் தெரிந்த கிரகநிலையும் ஒத்துவரவில்லை என்பதைக் கண்டபோது, வானத்தைக் குறை கூறாமல் வாய்பாட்டைத் திருத்தப் புறப்பட்டான். முதலில் பித்தளை யந்திரங்களைச் செய்வித்தான். அவை சிறியவை, அச்சுத் தேய்ந்தது, வளையம் ஆடியது. ஆடாத யந்திரம் வேண்டுமானால் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டவேண்டும் என்று தீர்மானித்தான். டில்லி, ஜெயப்பூர், உச்சயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் அவை எழுந்தன. மதுராவில் இருந்தது அழிந்துபோயிற்று. ஜெயப்பூரில் உள்ளதே பெரிது. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஜந்தர் மந்தர் என்பது அதன் பெயர்.

உள்ளே நுழைந்ததும் கண்ணை நிறைப்பது சம்ராட் யந்திரம். வானத்துக்கு ஏறும் படிக்கட்டுப்போல ஒரு முக்கோணச் சுவர். உயரம் ஏறக்குறைய 90 அடி. அதன் சாய்ந்த விளிம்பு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாக, வடதுருவத்தை நோக்கி நிற்கிறது. ஜெயப்பூரின் அட்சரேகை 27 பாகை. விளிம்பின் சாய்வும் 27 பாகை. யாழ்ப்பாணத்தில் இதைக் கட்டினால் சாய்வு 10 பாகையும் வராது, படுத்துக் கிடக்கும். சுவரின் இருபுறமும் கால்வட்டமாக வளைந்த சலவைக்கல் மேடைகள். சுவரின் நிழல் அவற்றின்மேல் நிமிடத்துக்கு 2½ அங்குலம் அளவில் ஊர்கிறது. சற்று நின்றால் காலம் நகர்வதைக் கண்ணாற் காணலாம்! கோடுகள் 2 செக்கன் வரை பிரிக்கப்பட்டுள்ளன.

ஆனால் 2 செக்கன் நுட்பமாக நேரம் பார்ப்பது எளிதன்று. சூரியன் புள்ளியல்ல, அரைப்பாகை அகலமுள்ள வட்டம். ஆகையால் நிழலின் ஓரம் மங்கிப் பரவி, எங்கே முடிகிறது என்று தெரியாமல் நிற்கும். அந்த மங்கலின் அகலமே 2 நிமிடத்துக்குச் சமம். ஒரு மெல்லிய நூலையோ குச்சியையோ மேடையருகே பிடித்து, அதன் நிழல் மங்கலில் எங்கே மறைகிறது என்று பார்த்தே பழகியவர் நேரத்தைக் குறிப்பர். பெரிதாகக் கட்டினால் மட்டும் நுட்பம் வந்துவிடாது. பார்ப்பவனுக்கும் பயிற்சி வேண்டும்.

மாசி மாதத்தில் நாம் அங்கு நின்றபோது யந்திரம் எமது கைக்கடிகாரத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம் பின்னால் காட்டியது. கூட வந்தோர் சிரித்தனர். கணக்குப் பார்த்தால் பிழை யந்திரத்தில் இல்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. ஜெயப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் 27 நிமிடம் பிந்தும். எஞ்சியது, மாசியில் சூரியன் கடிகாரத்துக்குப் பிந்துவதால் வருவது.

அந்த மேடைகளைத் தாங்கும் கட்டடத்துக்குள்ளே ஓர் இருட்டறை உண்டு; சஷ்டாம்ச யந்திரம் என்பர். கூரையில் ஊசித்துளை. நடுப்பகலில் அதன் வழியாகச் சூரியனின் உருவம் உள்ளே உள்ள வளைவில் விழும். சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அதிலிருந்து அறியலாம்.

ஆயினும் எமது மனத்தைக் கவர்ந்தது ஜயப்பிரகாச யந்திரமே. தரையில் குழித்த இரண்டு அரைக்கோளக் கிண்ணங்கள். கவிழ்ந்த வானத்தை நிமிர்த்தி வைத்தாற்போல. மேலே குறுக்காகக் கட்டிய கம்பிகளின் நடுவில் ஒரு வளையம். பகலில் அதன் நிழல் விழும் இடமே சூரியன் நிற்கும் இடம். இரவில் நட்சத்திரத்துக்கு நிழல் ஏது? அதற்காகவே கிண்ணத்தில் இடைவெளிகள் விடப்பட்டுள்ளன. அவற்றுள் இறங்கி நின்று, கல்லின் ஓரத்தில் கண்ணை வைத்து, வளையத்தினூடே நட்சத்திரத்தைப் பார்க்கலாம். ஒன்றில் கல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. நட்சத்திரம் ஒன்றை விட்டு விலகினால் மற்றதில் இறங்கித் தொடரவேண்டியதுதான்.

ஜெயசிங் செய்ததெல்லாம் அதிசயம் என்று புகழ நாம் வரவில்லை. கிரீனிச்சில் 1675ஆம் ஆண்டிலேயே வானாராய்ச்சி நிலையம் தொடங்கிவிட்டது. ஐரோப்பியர் தூரதிருஷ்டிக் கண்ணாடியை அளவு கருவிகளிற் பொருத்தி அவனை முந்திவிட்டனர். அவன் போர்த்துக்கலுக்குத் தூது அனுப்பி, அங்கிருந்து வந்த பிரெஞ்சு வாய்பாட்டையும் தனது அவதானங்களோடு ஒப்பிட்டான். அதிலும் சந்திரனின் நிலையில் பிழை கண்டான். தனது வாய்பாட்டைப் பாரசீக மொழியில் எழுதுவித்து முகலாயப் பேரரசன் முகம்மது ஷாவின் பெயரைச் சூட்டினான். அவனுடைய பண்டிதர் ஜகந்நாதர் யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தை அரபு மொழியிலிருந்து வடமொழிக்குக் கொண்டுவந்தார். யவனரிடத்தும் துருக்கரிடத்தும் கற்றதால் அம்மன்னனின் ஆசாரம் கெட்டுவிட்டதாக நாம் அறியோம்.

ஜெயப்பூர் வரை போகமுடியாத பெரியோர் வருந்தவேண்டாம். காசியில் தசாசுவமேத கட்டத்துக்கு அடுத்தாற்போல் மான்மந்திர் கட்டம் உள்ளது. அங்குள்ள பழைய மாளிகையின் மேல்மாடத்தில், கங்கையைப் பார்த்தபடி, ஜெயசிங்கின் யந்திரங்கள் நிற்கின்றன. கங்காஸ்நானம் முடித்தபின் வெயில் சுடுமுன் படியேறுங்கள். கையில் ஒரு முழ நூலும் கொண்டுபோங்கள்.