ஒரு நாற்காலியில் இரண்டு ஆசிரியர்கள்

கட்சிப் பத்திரிகை என்றதும் தலைவர் அறிக்கை, மாநாட்டுத் தீர்மானம், தொண்டர்களுக்கு அழைப்பு என்றுதான் நினைவுக்கு வரும். தில்லியில் 1925இல் தொடங்கிய 'அல் ஜமியத்' என்ற உருது ஏடும் கட்சி ஏடுதான். ஆனால் அதன் ஆசிரியர் நாற்காலிக்குத் தனிக்கதை உண்டு.

ஏட்டை நடத்தியது ஜமியத் உலமாயே ஹிந்த். துருக்கி கலீபாவுக்காக நடந்த கிலாபத் கிளர்ச்சிக் காலத்தில், 1919இல், உலமாக்கள் எனப்படும் மார்க்க அறிஞர்கள் கூடி அமைத்தது. காங்கிரசோடு சேர்ந்து நின்றது. அதன் தலைவர்களான முப்தி கிபாயத்துல்லாவும் மௌலானா அகமது சயீதும் பத்திரிகைப் பொறுப்பை இருபதைத் தாண்டிய ஓர் இளைஞரிடம் கொடுத்தார்கள். அவர் பெயர் அபுல் அஃலா மௌதூதி.

அவர் எழுதியது அச்சேறிய விதத்தையும் சொல்லவேண்டும்: அன்றைய உருதுப் பத்திரிகை அச்சு எழுத்துக் கோத்து வந்ததல்ல. காதிப் எனப்படும் எழுத்தர் மஞ்சள் பூச்சுத் தாளில் நாணல் பேனாவால் பக்கம் முழுவதையும் எழுதுவார். அதைக் கல்லில் பதித்து அச்சிடுவார்கள். பிழை தெரிந்தால், கல்லின் மேலேயே எழுத்தை இடவலம் மாற்றித் திருத்த வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். கை கூசாமல் அப்படி எழுதுவது லேசுப்பட்ட வேலையா?

1926 டிசம்பரில் ஆரிய சமாஜத் தலைவர் சுவாமி சிரத்தானந்தர் தில்லியில் ஒரு முஸ்லிமால் கொல்லப்பட்டார். இஸ்லாம் வாளின் மதம் என்ற பேச்சு எங்கும் கிளம்பியது. பதில் சொல்ல மௌதூதி 'அல் ஜமியத்'தில் ஒரு தொடர் ஆரம்பித்தார். எழுத எழுத அது பத்திரிகைக்குள் அடங்கவில்லை. 1930இல் 'அல் ஜிகாத் பில் இஸ்லாம்' என்ற பெரிய நூலாக வந்தது. அதற்குள், 1928இலேயே, அவர் ஏட்டை விட்டுப் போய்விட்டார்.

பத்தாண்டு கழித்து ஜமியத் தலைவர்களில் ஒருவரான ஹுசைன் அகமது மதனி, ஒரே நாட்டில் வாழும் இந்துவும் முஸ்லிமும் ஒரே தேசத்தார் என்று வாதிட்டார். அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர்களில் மௌதூதியும் ஒருவர்! 1941இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். பிரிவினையை எதிர்த்த ஜமியத் இந்தியாவில் நிலைத்தது. மௌதூதி பாகிஸ்தான் போனார். உலமாக்கள் ஆளைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் தேடியது நன்றாக எழுதுகிறவரை, கிடைத்தார்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. மௌதூதியின் ஜமாஅத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு, அவருடைய மார்க்க விளக்கமே தவறு என்று நூல் எழுதி வெளியேறிய மௌலானா வஹீதுத்தீன் கான், 1967இல் வந்து உட்கார்ந்தது 'அல் ஜமியத்' வார ஏட்டின் ஆசிரியர் நாற்காலியில். 1974 வரை அங்கே இருந்தார். அதன்பின் 1976இல், எந்தக் கட்சியையும் சாராமல், 'அல் ரிசாலா' என்ற சொந்த மாத இதழைத் தொடங்கினார்.