பசியைப் பகைக்காமல் எடை குறைப்போம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், மருத்துவத் துறையிலும் போசணைத் துறையிலும் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் எத்தனையோ பெரிய விடயங்கள் பேசப்படும்போது, நாங்கள் சோற்றுக் கோப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். காரணம் உண்டு. பழைய மாணவிகள் எங்கு கூடினாலும், யாழ்ப்பாணமோ கொழும்போ ரொறன்ரோவோ லண்டனோ, பத்து நிமிடத்துக்குள் கதை குருதிச் சீனியிலும் முழங்கால் நோவிலும் வந்து நிற்கிறது. அடுத்த கேள்வி, "எத்தனை கலோரி சாப்பிடலாம்? பசியை என்ன செய்வது?" என்பதே. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இயன்றவரை தெளிவாக விடை சொல்லப் பார்க்கிறோம்.

கலோரிக் கணக்கு ஏறக்குறைய எமது சங்கத்தின் வயதை ஒத்தது. 1918ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த லுலு ஹன்ற் பீற்றர்ஸ் என்ற பெண் வைத்தியர் எழுதிய சிறு நூல்தான், அதுவரை ஆய்வுகூடத்தில் இருந்த கலோரியை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தது. ஒரு துண்டு பாண் என்று சொல்லாமல் 100 கலோரிப் பாண் என்று சொல்லப் பழகுங்கள் என்பதே அவர் வாசகிகளுக்குச் சொன்ன பாடம். அந்த நூல் இலட்சக்கணக்கில் விற்றது. அன்று தொடங்கிய கணக்கை இன்று கைத்தொலைபேசியில் போடுகிறோம். கணக்கு மட்டும் மாறவில்லை.

கணக்கு எப்படிப் போடுவது

ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4. ஒரு கிராம் கொழுப்பில் 9. (உணவுப் பொதிகளில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதையே நாம் பேச்சில் கலோரி என்கிறோம். அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பொதியில் காணும் கிலோஜூலை 4.2ஆல் வகுத்தால் கலோரி வரும்.)

படுத்த படுக்கையாய் இருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் சக்தி வேண்டும். அதைக் கணிக்க 1990இல் வெளிவந்த ஒரு சூத்திரத்தை உலகெங்கும் போசணையாளர் பயன்படுத்துகின்றனர். பெண்களுக்கான கணக்கு இது: எடையைக் கிலோகிராமில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் 161ஐக் கழியுங்கள்.

கணித ரீச்சரின் முகம் நினைவுக்கு வரலாம். பயப்பட வேண்டாம், ஒன்றைச் சேர்ந்தே செய்வோம். 55 வயது, 155 சென்ரிமீற்றர் உயரம், 70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுப்போம். 700உடன் 969ஐக் கூட்டி, 275ஐயும் 161ஐயும் கழித்தால் 1,233 வரும். வீட்டு வேலையும் சிறிது நடையும் உள்ளவர் என்றால் இதனை 1.375ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 1,695. அவருடைய எடை கூடாமலும் குறையாமலும் இருக்க ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இவ்வளவே. நாள் முழுதும் கதிரையில் இருப்பவருக்கு 1.2ஆல் பெருக்கினாற் போதும். 1,480 அளவில் வரும்.

இப்போது எவ்வளவு குறைப்பது? நாங்கள் சொல்வது 300 முதல் 500 வரை. நமது உதாரணப் பெண்மணி 400ஐக் குறைத்தால் நாளொன்றுக்கு 1,300 கலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறக்குறைய 7,700 கலோரி உண்டு. ஆகவே கிழமைக்கு 2,800 கலோரி குறைந்தால் மூன்றில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைய வேண்டும். மாதத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ. "இவ்வளவுதானா?" என்று கேட்பீர்கள். இவ்வளவே போதும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், நீரிழிவின் வாசலில் நின்றவர்களிடம் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் கிழமைக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களிடம் 58 வீதம் குறைந்தது. 70 கிலோவில் 7 வீதம் என்பது 5 கிலோவுக்குக் கொஞ்சங் குறைவு. திருமணத்தின்போது கட்டிய சேலைச் சட்டை மீண்டும் அளவாய் வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் 1,200க்குக் கீழே போக வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ, குருதிச் சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னர் கட்டாயம் வைத்தியரைக் காணவேண்டும். சோறு குறைந்து மருந்து குறையாவிட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.

400 கலோரி எங்கே இருக்கிறது

நாம் முதலில் சோற்றையே குறை சொல்கிறோம். வேகவைத்த சோறு 100 கிராமில் 130 கலோரி அளவுதான். சட்டியில் கண்மதிப்பாய் ஊற்றும் எண்ணெயைப் பாருங்கள்: ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. கத்தரிக்காய் பொரித்த குழம்பில் கத்தரிக்காய் குடித்த எண்ணெயை யார் அளந்தார்கள்? நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வெளிநாட்டில் வாங்கும் ஒலிவெண்ணெய் எல்லாவற்றிலும் கலோரி ஒன்றே. தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 அளவு. நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் சீனியில் மட்டும் 190 கலோரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குரக்கன் மாவும் சிவப்பரிசியும் நல்லவை, நார்ப்பொருள் கூடியவை. ஆனால் கலோரியில் கோதுமை மாவுக்கும் வெள்ளையரிசிக்கும் பெரிதாகக் குறைந்தவை அல்ல. குரக்கன் பிட்டு என்பதற்காக இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட முடியாது.

ஆகவே இலகுவான வழி, சீனியைப் படிப்படியாகக் குறைத்து வெறுந்தேநீருக்கு வருவதும், எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுவதும், பொரியலைக் கிழமைக்கு ஒரு நாளாக்குவதும்தான். அநேக வீடுகளில் 400 கலோரி இங்கேயே கிடைத்துவிடும். கோப்பையில் சோறு அவ்வளவாய்க் குறையவும் தேவையில்லை.

பசி ஏன் வருகிறது

பசியைப் பற்றி இச்சபையில் பேசும்போது நாங்கள் கவனமாகவே பேசுகிறோம். பொருளாதாரத் தடைக்காலத்தில் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இருக்கிறீர்கள். 2009இல் வன்னியில் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும் எம்மிடையே உள்ளனர். 2022இன் நெருக்கடியில் வேளை குறைத்த குடும்பங்களையும் நாம் அறிவோம். பட்டினி கிடந்த உடம்புக்கு, இனிப் பசி வரக்கூடாது என்ற பயம் இருக்கும். சட்டியில் ஒரு பிடி சோறு மிஞ்சினாலும் எறிய மனம் வராது. அதையும் தாயே சாப்பிட்டுவிடுவாள். இதைப் பேராசை என்று எவரும் சொல்லக்கூடாது. எனினும் இன்று அந்தப் பிடிக்கு இடம் குளிர்சாதனப் பெட்டி. நமது வயிறு அல்ல.

பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை அறிய, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வு நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, வழமையில் பாதியளவு உணவோடு ஆறு மாதம் இருந்தார்கள். உடல் எடையில் கால்பங்கு போயிற்று. அதைவிட முக்கியம் மனதுக்கு நடந்தது: நாள் முழுதும் உணவின் நினைவு, எரிச்சல், சோர்வு, குளிர். சமையற் குறிப்புப் புத்தகங்களைத் தேடித் தேடி வாசித்தவர்களும் உண்டு. ஆகவே கடும் பத்தியம் தொடங்கிய மூன்றாம் கிழமை, கேக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் கால் நின்றுவிட்டதென்றால் அது மனவுறுதிக் குறைவு அல்ல. உடம்பு தன்னைக் காக்க முயல்கிறது. இலக்கைச் சிறிதாக வையுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பசியைச் சமாளிக்கும் வழிகள்

முதலாவது, வயிற்றை நிறைக்கும் உணவைத் தெரிவது. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது கூடிய நேரம் பசியை அடக்குகிறது என்று பார்த்தார்கள். முதலாவதாக வந்தது அவித்த உருளைக்கிழங்கு. வெள்ளைப் பாணைவிட மூன்று மடங்குக்கு மேல் பசியடக்கியது. கடைசியாக வந்தது வெண்ணெய் சேர்த்துச் சுட்ட குறோசன். அவித்த உணவும் மீனும் பழமும் தானியமும் பசி தாங்கும். மாவும் கொழுப்பும் சேர்த்துச் சுட்டவை தாங்கா. றோல்ஸ், பற்றிஸ் எல்லாம் எந்தப் பக்கம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு வேளையிலும் புரதம். காலையில் சம்பலோடு இடியப்பம் மட்டும் சாப்பிட்டால் பத்து மணிக்கே வயிறு கேட்கும். இரண்டு இடியப்பத்தைக் குறைத்து ஓர் அவித்த முட்டை, அல்லது ஒரு கிண்ணம் பயறு, கடலை, பருப்பு வையுங்கள். முட்டையில் 70 முதல் 80 கலோரியே. புரதம் 6 கிராம். மரக்கறிக்காரருக்கு உழுந்து, தயிர், கௌபி உண்டு. ஐம்பது தாண்டியவர்களுக்குத் தசை கரையாமல் இருக்கவும் இது அவசியம்.

மூன்றாவது, கோப்பையில் பாதியை மரக்கறிக்கு ஒதுக்குவது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல், புடலங்காய், பூசணி எல்லாம் நமது வளவிலேயே உள்ளவை. தேங்காய்ப்பூவை ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். சோற்றுக்கு முன் ஒரு கோப்பை ரசம் குடித்தால் இரண்டாந்தரம் சோறு போடக் கை போகாது.

நான்காவது, நேரம். விடுதியில் இருந்தவர்களுக்கு மணியடித்தால் சாப்பாடு என்ற ஒழுங்கு தெரியும். அது நல்ல ஒழுங்கு. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு, மத்தியானம் அரைகுறையாய் உண்டு, இரவு எட்டு மணிக்குச் சட்டியோடு அமர்வதே எம்மவர் பலரின் கதை. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு கொய்யாப்பழமோ ஒரு கைப்பிடி அவித்த கடலையோ எடுத்தால் இரவுப் பசி அடங்கும். விரத நாட்களில் ஒரு வேளைச் சாப்பாடு என்றாலும், பாறணையில் வடையும் பாயாசமுமாய் இரண்டு நாட் கலோரியும் வந்துவிடாமல் பாருங்கள்.

ஐந்தாவது, வயிறு கேட்கிறதா, வாய் கேட்கிறதா என்று பார்ப்பது. வயிற்றுப் பசி மெல்ல வரும். எந்தச் சாப்பாட்டையும் ஏற்கும். வாய் கேட்பது திடீரென வரும். பயித்தம் பணியாரந்தான் வேண்டும் என்று நிற்கும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, கால் மணித்தியாலம் வேறு வேலை பாருங்கள். அதன் பின்னும் பசித்தால் சாப்பிடுங்கள். ஆறுதலாக, மென்று, இருபது நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். இரவில் ஆறேழு மணித்தியாலம் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாட் பசி கூடும். இரவு வேலை செய்யும் தங்கைமார் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும்.

குறைத்த பின்

தராசில் ஒவ்வொரு நாளும் ஏற வேண்டாம். உப்பாலும் நீராலும் ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். கிழமைக்கொரு தரம், அதே நாள், அதே நேரம் போதும். இடுப்புச் சுற்றளவையும் அளவுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நன்று.

எடை குறைந்தால் கணக்கும் மாறும். நமது பெண்மணி 64 கிலோவுக்கு வந்தபின் அவருடைய நாளாந்தத் தேவை 1,695இலிருந்து 1,612ஆகக் குறைகிறது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பழைய எடையும் திரும்பும். மெல்பேணில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஓமோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று கண்டார்கள். ஆதலால் இதை மூன்று மாதப் பத்தியமாக எண்ணாதீர்கள். வாழ்நாள் முழுதும் நடத்தக்கூடிய மாற்றம் எதுவோ அதையே தெரியுங்கள். இரண்டு கிலோ திரும்பி வந்தால் அதைத் தோல்வி என்று கொள்ளாமல் கணக்கை மீண்டும் போடுங்கள்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள்

நிறைவாக, எமது சங்கத்தின் கிளைகள் அனைத்திடமும் இரண்டை வேண்டுகிறோம். ஒன்று கூட்டங்களின் தேநீர் மேசை பற்றியது. வீட்டுக்கு வந்தவர் கை நனையாமல் போகக்கூடாது என்பது நமது பண்பு. அதை விடச் சொல்லவில்லை. றோல்ஸுக்கும் கேக்குக்கும் பக்கத்தில் பழமும் அவித்த கடலையும் சீனி போடாத தேநீரும் வையுங்கள். "ஒன்று எடும், ஒரு நாளைக்குத்தானே" என்று மூன்று தரம் வற்புறுத்தாதீர்கள்.

மற்றையது நமது வாய் பற்றியது. இருபது வருடத்துக்குப் பின் காணும் தோழியிடம் முதல் வார்த்தையாக, "என்னடி, நல்லாய்க் கொழுத்திட்டாய்!" என்கிறோம். மெலிந்தவளிடம், "என்ன வருத்தம்?" என்று கேட்கிறோம். பக்கத்தில் நிற்கும் பதினாலு வயது மகளும் அதைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுக்கிறாள். வளரும் பிள்ளையின் உடம்பைச் சபையில் அளவிட வேண்டாம். அவளுக்குக் கலோரிக் கணக்கும் வேண்டாம். நல்ல சாப்பாடும் விளையாட்டும் கொடுங்கள்.

நூறு வருடமாக இக்கல்லூரி பெண்பிள்ளைகளுக்குக் கணக்கும் படிப்பித்தது, தன்னைத் தான் காக்கவும் படிப்பித்தது. எல்லோருக்கும் உணவு பரிமாறிவிட்டுக் கடைசியாய் அமரும் பெண், தனது கோப்பையையும் ஒரு தரம் கவனிக்கட்டும் என்பதே எமது விருப்பம். எல்லோரும் சுகதேகியாய் வாழ வாழ்த்தி விடைபெறுகிறோம்.