வெயிலைக் கூட்டுவது காற்று

(ஏம்பலத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சித்திரை பத்தாம் தேதியை ஒட்டி உச்சிவேளையில் வாசலில் நின்று பாருங்க. நிழல் காலடியிலேயே விழும். நமக்குச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும் நாள் அதுதான். ஆனா உடம்பு தாங்காத வெயில் அன்றைக்கா அடிக்குது? ஒரு மாசம் கழித்து, வைகாசியில்தானே! அப்போ சூரியன் மட்டும் காரணமில்லை.

காரணம் காற்று. மதியத்தில் கடல்காற்று முதலில் வீராம்பட்டினம் பக்கம் ஏறி, தாமதமாகத்தான் நம்ம ஊருக்கு வரும். வந்தால் வெயில் கொஞ்சம் தணியும். மே கடைசியில் மேல்காற்று வலுத்துவிட்டால் அதை உள்ளே விடாது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கி, காய்ந்த நிலத்தின் மேலேயே வரும் காற்று அது. ஈரமே இருக்காது.

2003 மே மாதம் வங்கக் கடலில் ஒரு புயல் உண்டானது. இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் பெருவெள்ளம், மண்சரிவு. புயல் மியான்மர் பக்கம் போகும்போது இங்கிருந்த ஈரக்காற்றையும் இழுத்துக்கொண்டது. அங்கே வெள்ளம், இங்கே அனல். அந்த மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி. ஆந்திராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயதானவர்களும் வெளியே கூலி வேலை செய்தவர்களும்தான் அதிகம்.

கடலோரத்தில் 37 டிகிரியைத் தாண்டி, வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடினால் அதை வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்கிறது. உள்நாட்டுச் சமவெளிக்கு 40. நமக்கு ஏன் குறைவு? இங்கே புழுக்கம் அதிகம். வேர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேசணும். களையெடுக்க, வாய்க்கால் வேலைக்குப் போகிற நாம், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். மயக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பாதிக் காரணம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். வேலையிடத்தில் நாலு கழி நட்டு ஒரு மறைப்புக் கட்டச் சொல்லிக் குழுவாகக் கேட்போம். தனியாகக் கேட்டால் சிரிப்பாங்க. வேலையையும் விடியலிலேயே தொடங்கி, பதினோரு மணிக்குள் கரையேறணும்.

நீராகாரம், மோர் போதும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறி, 108-ஐக் கூப்பிடுங்க. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க.

முன்பு நம்ம ஏம்பலத்திலேயே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்தைப் பெண்கள் நடத்தினாங்க. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னாங்க. மே, ஜூன் மாதங்களில் வெப்ப அலை எச்சரிக்கையையும் அப்படிச் சொல்லலாமே? கோயில் மைக் இருக்கு. முந்தின நாள் சாயங்காலமே செல்போனில் பார்த்து அறிவிக்க, குழுவுக்கு ஒருவர் பெயரை இன்றே எழுதிக் கொடுங்க.