ஆவணியில் கோடிக்கரை உப்பளங்கள்

கோடிக்கரைக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் மார்கழி, தை என்பார்கள். பூநாரைகள் அப்போதுதான் பெருங்கூட்டமாகத் திரளும், வெயிலும் தணிந்திருக்கும். நியாயமான யோசனைதான். ஆனாலும் இன்று உங்களை ஆவணி மாதத்தில், சோழகக் காற்று ஓயாமல் அடிக்கிற நாட்களில், அங்கே அழைத்துப் போகிறேன். கரைப்பறவைகளை ஆற அமரப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது என் கட்சி. காரணத்தைப் போகிற வழியில் சொல்கிறேன்.

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்பில் இருக்கிறது கோடிக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரை 2023 முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்திலிருந்து பஸ் பிடித்தாலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளிய அதே அகஸ்தியன்பள்ளியைத் தாண்டினால், வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் விரியும். நாம் தேடி வந்த பறவைகள் பெரும்பாலும் இங்கேதான். காடு, வெளிமான், மட்டக்குதிரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உப்பளம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி நீர் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் நீரைச் சேர்த்து வைக்கும் பெரிய பாத்தி. அங்கே உப்பு ஏறக்குறைய கடல்நீர் அளவுதான். மீன் குஞ்சு துள்ளும், கொக்கு நிற்கும், மேலே ஆலா வட்டமிட்டுத் தலைகீழாகப் பாயும். அங்கிருந்து அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று நீர் நகர நகர, வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைக்கின்றன. ஒரு கட்டத்தில் மீனால் தாக்குப்பிடிக்க முடியாது. மீன் போன இடத்தில் ஆர்ட்டீமியா என்னும் நகக்கண் அளவு இறால் பெருகும். தன்னைத் தின்ன மீன் இல்லாததால் அதற்குக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்துக்கு விருந்தாளியாக உள்ளான்கள் வந்து இறங்குகின்றன. கடைசியில் உப்பு விளைகிற பாத்தியில் பறவை எதையும் காணோம். முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டியவர்கள் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே நடுப் பாத்திகளின் வரப்போரம் நில்லுங்கள். அளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். வரப்பு உடைந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

காலை ஆறரை மணி. சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவைகள் முகத்துக்கு முன்னால். இதைவிட வசதி வேறு வேண்டாம். முதலில் கண்ணில் படுவது நெடுங்கால் உள்ளான். சிவந்த குச்சிக் கால்களோடு ஆழத்தில் நிற்கும், கத்தி ஊரைக் கூட்டும். அது இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. கொஞ்சம் கரைப் பக்கமாகப் பவளக்காலியும் பச்சைக்காலியும். பவளக்காலி சந்தேகப் பேர்வழி. நம் நிழல் அசைந்தாலே சீட்டியடித்துக்கொண்டு பறக்கும், கூடவே மற்ற பறவைகளையும் கிளப்பிவிடும். நீர் வற்றிய சேற்று விளிம்பில் உப்புக்கொத்திகள். குடுகுடுவென்று ஓடும், நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். அவை கண்ணை நம்பி இரை தேடுகிற சாதி. மூக்கனும் கோட்டானும் அலகை நம்புகின்றன. நீண்ட அலகைச் சேற்றுக்குள் முக்கால்வாசி இறக்கிவிட்டு, அதன் நுனியிலுள்ள உணர்ச்சியாலேயே புழுவைக் கண்டுபிடிக்கும். முழு வாயையும் திறக்காமல் அலகின் நுனியை மட்டும் விரித்துக் கவ்வி இழுக்கும். ஒரே பாத்தியில் ஏழெட்டு இனங்கள் சண்டையில்லாமல் சாப்பிடுகின்றன என்றால், காலின் உயரமும் அலகின் நீளமும் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கின்றன.

இனி நான் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். தை மாதத்தில் நீங்கள் பார்க்கும் உள்ளான்கள் எல்லாம் மேலே சாம்பல், கீழே வெள்ளை. புதிதாகப் பார்க்கிறவர் சலித்துப்போய்த் தொலைநோக்கியைப் பையில் போட்டுவிடுவார். ஆவணியில் அப்படியல்ல. வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வடகோடியில், பனி உருகிய தரையில் முட்டையிடும் பறவை. அங்கிருந்து கோடிக்கரை 7,000 கிலோமீட்டருக்கு மேல். ஆண் பறவைக்கு அடைகாக்கிற வேலையே இல்லை. குஞ்சு பொரிவதற்கு முன்பே ஆனி மாதக் கடைசியில் அது தெற்கே கிளம்பிவிடுகிறது. பின்னால் பெண் பறவைகள். கடைசியாகத்தான் குஞ்சுகள், வழிகாட்டப் பெற்றோர் யாருமில்லாமல், தாமாகவே.

கூடு கட்டும் காலத்தில் அதன் மார்பும் வயிறும் செங்கல் நிறம். ஆவணியில் இங்கே வந்து சேரும்போது அந்தச் சிவப்பு முழுசாகப் போயிருக்காது. சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளே செங்கல் தெரிகிற பழஞ்சுவர் மாதிரித் திட்டுத்திட்டாக நிற்கும். முதுகு இறகுகள் தேய்ந்து நைந்திருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அது வளர்ந்த பறவை, இந்த ஆண்டு வடக்கே போய்த் திரும்பியது. புரட்டாசி பிறந்தபின் அதே பாத்தியில் பாருங்கள். முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிறிய கரை போட்டு, மீன் செதில் அடுக்கியது போலப் புத்தம் புதுச் சட்டையோடு சில நிற்கும். அவை சைபீரியாவில் பிறந்து இரண்டு மூன்று மாதமே ஆன பிள்ளைகள். மார்கழிக்குள் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்; அப்புறம் மூத்தது இளையது கண்டுபிடிக்க நிபுணர் வேண்டும்.

சுமார் 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானுக்கும் இறகு விஷயத்தில் ஏறக்குறைய இதே கதைதான். இன்னொரு வகையும் உண்டு: போன ஆண்டு வந்த இளசுகளில் சில, சித்திரையில் மற்றவை வடக்கே போனபோது போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடுகின்றன. வெயிலில் இறகு வெளுத்துப்போய், ஊருக்குப் போகாத விடுதிப் பிள்ளைகளாகத் திரியும்.

இந்தப் பயணங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி இந்த மண்ணில் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959-இல் வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவைகள் வழியாக நோய்க் கிருமிகள் பரவுகின்றனவா என்று அறிய உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பணம் கொடுத்தது. கோடிக்கரையை அந்த ஆய்வின் வரைபடத்தில் ஏற்றியதில் பறவையியலாளர் சாலிம் அலிக்குப் பெரிய பங்கு. வலை கட்டிப் பறவையைப் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள். பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகார் மீர்ஷிகார்களின் கைத்திறனும் அதற்குத் துணை நின்றது. 1967-இல் சரணாலயம், 2002-இல் ராம்சார் சதுப்புநிலப் பட்டியல் என்று பெருமைகளும் சேர்ந்தன. ஆனால் அன்று வலை கட்டியவர்கள் கண்ட கூட்டம் இன்று இல்லை. கரண்டிமூக்கு உள்ளான் என்னும் அரிய பறவை ஒரு காலத்தில் இங்கே பதிவாகியிருக்கிறது. இப்போது உலகத்திலேயே அது சில நூறுதான். சதுப்பை உப்பளமாக்கியதால் கெட்டது என்பார் சிலர். மிதமான உப்புள்ள பாத்திகள் பறவைக்குச் சோறு போடுவதையும் நேரில் பார்க்கிறோம். நீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு உப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அரை அடி கூடினாலே கொசு உள்ளானுக்குக் கால் எட்டாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் கட்டாயம். பத்து மணிக்கு மேல் கானல் எழும்பினால் தொலைநோக்கியில் எல்லாம் நெளியும், ஆகவே விடியலிலேயே போய்விடுங்கள். சரணாலயத்துக்குள் போக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை இறங்கினால் உப்பு வேலை நின்றுவிடும், பாத்திகளில் மழைநீர் நிரம்பும், சின்னக் கால்காரர்கள் ஆழம் குறைந்த இடம் தேடி நகர்ந்துவிடுவார்கள். அதற்குள் போய் வந்துவிடுங்கள். ஏதாவது ஒரு பறவையின் காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால், நிறம், எழுத்து, எந்தக் கால், தேதி, இடம் ஆகியவற்றைக் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதிப் போடுங்கள். அது எங்கே, எப்போது மாட்டப்பட்டது என்று விசாரிக்க அந்த விவரம் உதவும்.