உடுத்தும் சொற்கள்: ஆங்கிலத் தொடர்வினைகளும் தமிழ்த் துணைவினைகளும்



துணிக்கடையில் நிற்கும் ஒரு மாணவர், “இந்தச் சட்டையை முயற்சி செய்யலாமா?” என்று கேட்டால், தமிழறிந்த கடைக்காரர் சற்றே விழிப்பார். வீட்டுக்கு வந்தவரிடம், “செருப்பை எடுத்துவிட்டு உள்ளே வாருங்கள்” என்றால், அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரவும் கூடும். இவ்விரு வாக்கியங்களிலும் எழுத்துப் பிழை இல்லை. வேற்றுமை உருபும் பிறழவில்லை. ஆங்கிலத்தின் ‘டிரை ஆன்’, ‘டேக் ஆஃப்’ ஆகியவை சொல்லுக்குச் சொல் தமிழாகிவிட்டன; அவ்வளவே. இது ஏன் நிகழ்கிறது, வகுப்பறையில் இதனை எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒரு வினைச்சொல்லுடன் ‘ஆன், ஆஃப், அப், அவுட்’ போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தார் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பர். நாம் அதனைத் தொடர்வினை எனலாம். ‘புட்’ என்றால் வைத்தல். ‘புட் ஆன்’ என்றால் அணிதல். ‘டூ அப்’ என்பது பொத்தானையோ கயிற்றையோ பூட்டுதல். ‘டிரெஸ் அப்’ என்பது விழாவுக்கெனச் சிறப்பாக உடுத்துதல். ‘வேர் அவுட்’ என்பது அணிந்து அணிந்து நைந்துபோதல். இவ்வழக்கு மிகப் பழையது. அணிதல், களைதல் என்னும் பொருளுடைய ‘டான்’, ‘டாஃப்’ ஆகிய சொற்களே ‘டூ ஆன்’, ‘டூ ஆஃப்’ என்பவற்றின் சுருக்கங்கள்தாம்.

இத்தொடர்வினைகளைக் கையாள்வதில் மாணவர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, சுட்டுப்பெயர் இடையில்தான் வரும்: ‘புட் இட் ஆன்’ என்பது சரி, ‘புட் ஆன் இட்’ என்பது தவறு. இரண்டாவது, ‘புட் ஆன்’ என்பது அணியும் செயலைக் குறிக்கும். ‘வேர்’ என்பது அணிந்திருக்கும் நிலையைக் குறிக்கும்.

இனி, தமிழ் இவற்றை எவ்வாறு உணர்த்துகிறது என்று காண்போம். ‘டிரை ஆன்’ என்பதற்குத் தமிழில் ‘போட்டுப் பார்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிரை’ என்பது முதன்மை வினை. ‘ஆன்’ சிறு சொல். தமிழில் ‘ஆன்’ உணர்த்தும் பொருளே ‘போட்டு’ என்னும் முதன்மை வினையாகிறது. ‘டிரை’ என்பதன் பொருளைப் ‘பார்’ என்னும் துணைவினை ஏற்கிறது. ஒரு மொழியில் தலையாக நிற்பது மற்றொரு மொழியில் வாலாக நிற்கிறது. எனவேதான் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பொருள் குலைகிறது.

துணைவினைகளின் நுட்பம் இத்துடன் நிற்பதில்லை. ‘சட்டையைப் போட்டுக்கொண்டாள்’ என்றால் தனக்குத்தானே அணிந்தாள். ‘சட்டையைப் போட்டுவிட்டாள்’ என்னும்போது, இடம் நோக்கி, குழந்தைக்கு அணிவித்தாள் என்றும் பொருள்படும். ‘சட்டை போட்டிருக்கிறாள்’ என்பது நிலை. ‘வேர்’ என்னும் தனிச்சொல்லால் ஆங்கிலம் உணர்த்துவதைத் தமிழ் ‘இரு’ என்னும் துணைவினையால் உணர்த்துகிறது.

முதன்மை வினையிலும் தமிழ் வேறுபாடு காட்டும். சேலையை உடுத்துகிறோம், வேட்டியைக் கட்டுகிறோம், சால்வையைப் போர்த்துகிறோம், பூவைச் சூடுகிறோம், நகையை அணிகிறோம், மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறோம், பொட்டை இடுகிறோம். நீக்கும்போதும் அவ்வாறே: முடிச்சிட்டதை அவிழ்க்கிறோம், மாட்டியதைக் கழற்றுகிறோம், உடையைக் களைகிறோம். ஆங்கிலத்தில் இவற்றுள் பலவற்றுக்கு ‘புட் ஆன்’, ‘டேக் ஆஃப்’ என்னும் இரண்டே போதும். நம்மைச் சூழ ஒலிக்கும் மலாய்மொழியிலும் ‘பாக்காய்’ என்னும் ஒரே சொல் சட்டைக்கும் காலணிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பொருந்தும். பயன்படுத்துதல் என்பதும் அதன் பொருளே. ‘புக்கா’ என்னும் சொல் கதவைத் திறப்பதற்கும் காலணியைக் கழற்றுவதற்கும் வரும். இதனால் எம்மொழியும் தாழ்ந்ததன்று. ஒவ்வொரு மொழியும் தன் வேறுபாடுகளை வேறு வேறு இடத்தில் வைத்துள்ளது.

ஆயினும் நாம் கவலைகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினர். உடுத்தல் பற்றிய சொற்களைப் பிள்ளைகள் பாடநூலில் கற்பதில்லை. பள்ளிக்குப் புறப்படும் காலை நேரத்தில், “பொத்தானைப் போடு”, “காலுறையை மாட்டிக்கொள்” என்று பெற்றோர் சொல்லக் கேட்டே கற்கின்றனர். அந்தக் காலைப்பொழுது ஆங்கிலமாகிவிட்டால், ‘போடு’ ஒன்றே எஞ்சும். பின்னர் ‘முயற்சி செய்’ அதன் பக்கத்தில் வந்து அமரும். ‘போடு’ என்பது பிழையான சொல்லன்று. அது ஒன்றை மட்டுமே அறிந்திருத்தல்தான் குறை.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். சொற்பட்டியலைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்ல வேண்டா. ஒரு சட்டையின் வாழ்க்கையை மாணவர்கள் இரு மொழிகளிலும் சொல்லட்டும். கடையில் போட்டுப் பார்க்கிறோம்: ‘டிரை ஆன்’. தளர்வாக இருந்தால் தேக்கா நிலையத்துத் தையற்காரரிடம் பிடித்துத் தைக்கச் சொல்கிறோம்: ‘டேக் இன்’. இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துவிடச் சொல்கிறோம்: ‘லெட் அவுட்’. தீபாவளியன்று அணிந்துகொள்கிறோம்: ‘புட் ஆன்’. வளர்ந்த பின் அது சிறிதாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நாம் அதைவிட்டு வளர்ந்துவிட்டதாகச் சொல்வர்: ‘குரோ அவுட் ஆஃப்’. பிறகு தம்பிக்குக் கொடுத்துவிடுகிறோம்: ‘ஹேண்ட் டவுன்’. இவ்வாறு சொல்லும் மாணவர், ஆங்கிலச் சிறு சொல் செய்யும் வேலையைத் தமிழில் எச்சொல் செய்கிறது என்பதைத் தாமே கண்டறிவார். அவருடைய ஆங்கிலமும் திருந்தும், தமிழும் தழைக்கும்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதனினும் எளியது. நாள்தோறும் உடுத்தும் அந்தப் பத்து நிமிடங்களையேனும் தமிழுக்குத் தாருங்கள்.