வரவேற்பில் நம்ம ஊர் கேக்
(தேங்காய்த்திட்டு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கல்யாண வரவேற்புக்கு அடுக்கு கிரீம் கேக் வாங்குறோம். போட்டோ எடுத்ததும் பாதி வீணாப் போகுது. புதுச்சேரிக்குன்னே கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக் இருக்கே! ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை சேர்ந்தது. இலங்கையிலும் கல்யாணக் கேக்கில் ரவை, முந்திரிதான். துண்டு போட்டு, தாளில் சுற்றி, வந்தவங்க கையில் கொடுப்பாங்க. நாமும் அப்படிக் கொடுக்கலாம், வெயிலில் உருகாது.

ரம், முட்டை சேர்ப்பதை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிடணும். ரம் வேண்டாம்னா ஆரஞ்சுச் சாறு. ஆனா அது சீக்கிரம் கெடும். முந்தின நாள்தான் சுடணும்.

முதல் ஆர்டருக்கு நாலு பேர் ரெண்டு நாள் உழைச்சோம். கூலியைக் கணக்கில் எழுதலை. லாபம்னு நினைச்சது எங்க கூலிதான். நீங்க முதல் வரியிலேயே கூலியை எழுதுங்க.